நாலடிக்குக் குறையாது

பண்ணை வண்டியிலிருந்து தவறி விழுந்த பிராய்லர் கோழி ஒன்று, ஒரு சுவரடியில் வந்து நின்றது. கூண்டிலேயே தின்று கொழுத்த உடம்பு. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. பொழுது சாய்ந்தால் தெருநாய் வரும். சுவர் மேல் ஏறிவிட்டால் உயிர் தப்பலாம்.

"எவ்வளவு உயரம்?" என்று கேட்டது கோழி.

"நாலடி. பேரமே கிடையாது" என்றது சுவர்.

கோழிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வந்ததும் வராததுமா நாலடி கேட்டா எவகிட்ட இருக்கு? இன்னிக்கு ஒரு சாண் குதிக்கிறேன், பேசாம வாங்கிக்கோ. நாளைக்கு ஒரு விரற்கடை கூடத் தர்றேன்."

"விரற்கடையா! உடம்பப் பாரு, வாயப் பாரு!" என்று சுவர் சிரித்தது.

கோழி சொன்னபடியே குதித்தது. விழுந்தது, சுவரைத் திட்டியது, மறுபடி குதித்தது. நாய் வரும் நேரத்தில் முள்புதருக்குள் புகுந்துகொண்டது. தினமும் ஒரு விரற்கடை கூடியது. கொழுப்புக் கரைந்து இறக்கைக்கு வலு வந்தது.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் நாய் முன்னதாகவே வந்து, புதருக்குப் போகும் வழியை மறித்து நின்றது.

"இந்தா பிடி, நாலடி!" என்று கத்திக்கொண்டே கோழி எழும்பியது. நாய் வாயில் சிக்கியது ஓர் இறகுதான்.

"அடியாத்தி! முழுசாக் கொடுத்துட்டியே!" என்றது சுவர்.

கோழி அதைக் காதில் வாங்கவேயில்லை. சுவர் மேல் நின்றபடி, தலைக்கு மேலிருந்த வேப்பங்கிளையை நிமிர்ந்து பார்த்தது.

"ஏம்ப்பா, நீ எவ்வளவு சொல்றே?"