அயர்லாந்துக் கல்

வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றில் அயர்லாந்துக்காரர்கள் தங்கள் அரங்கை முழுக்கக் கண்ணாடியால் கட்டினார்கள். "இதில் அயர்லாந்து எங்கே?" என்று வந்தவர்கள் கேட்டார்கள். உடனே பொறுப்பாளர்கள் பக்கத்து மலையிலிருந்து ஒரு பாறையைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, 'அயர்லாந்துக் கல்' என்று பலகை மாட்டினார்கள்.

மறுநாளே பாறைக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க அயர்லாந்து மழை மாதிரி வருமா!" என்று அலட்டிக்கொண்டது.

வாசலில் பதித்திருந்த கல் திகைத்தது. "அண்ணே, நாம ரெண்டு பேரும் ஒரே மலைதானே?"

"யாருப்பா நீ? உள்ளூரா?" என்று பாறை முகம் சுளித்தது.

கண்காட்சி முடிந்தது. அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் ஏற்றப் பாறையைத் தூக்கினார்கள்.

"ஐயோ, தம்பி! நான் இந்த ஊர்னு சொல்லுடா!"

வாசல் கல் பணிவாகச் சொன்னது: "பலகையைப் பார்த்தேன், ஐயா. நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க."