சாம்பல் நிறக் கோட்டை

அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் செத்துப்போனவரின் திரை, மறுபடி உயிர் வரும்வரை சாம்பல் நிறமாகிவிடும். ஐவர் அணியில் ஜெபிஷாவுக்குத்தான் அது பழக்கம். எதிரணியின் கோட்டையை இடித்தால்தான் வெற்றி. எத்தனை பேரைக் கொன்றாலும் கொன்றதற்காக யாரும் ஜெயிப்பதில்லை. அதனால் கேப்டன் தயாளன் ஒவ்வொரு முறையும், "ஜெபி, நீ டிராகன்கிட்ட போய் போக்கு காட்டு. கோட்டைய நாங்க பாத்துக்கறோம்" என்பான். அவள் தனியாகப் போய், வீழ்த்தும் அணிக்குப் பெரும் பலம் தரும் அந்த டிராகனை அடிப்பாள். அதைப் பறிகொடுக்கப் பயந்து எதிரிகள் ஐவரும் ஓடிவந்து அவளைக் கொல்வார்கள். அதற்குள் மற்ற நால்வரும் காவலில்லாத கோட்டையை இடித்துவிடுவார்கள். கோப்பை வென்ற அன்றும் கோட்டை எரிவதை அவள் சாம்பலில்தான் பார்த்தாள். அந்தத் தீ என்ன நிறம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

அணியைப் புதிதாக வாங்கியவர் புள்ளிவிவரத்தைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாரையுமே கொல்லலியே. ஆட்டத்துக்கு ஆட்டம் செத்துதான் போயிருக்கு. வேற ஆளப் போடுங்க."

ஜெபிஷா தயாளனைப் பார்த்தாள். அவன் புதிய முதலாளியிடம் திரும்பினான்.

"போட்டுடலாம் சார். ஆனா, அப்புறம் யாரு போய் சாவுறது?"