சுவரில் அலையும் அம்புக்குறி

ஜன்னல் திரைகளை இழுத்துவிட்ட கணித வகுப்பில் புரொஜெக்டர் மட்டும் விடாமல் இரைகிறது. அலையலையாக வந்திருக்க வேண்டிய சைன் வளைகோடு வெள்ளைச் சுவரில் முள்வேலியாகக் கிடக்கிறது. அதில் பாதி, பக்கத்தில் நிற்கும் மாணவியின் கன்னத்திலும் தோளிலும் விழுந்திருக்கிறது. "கம்ப்யூட்டர் கோணத்தை ரேடியன்லதான் எடுத்துக்கும். நீ முந்நூத்தி அறுபதுன்னு டிகிரில குடுத்துட்டே," என்கிறார் பேராசிரியை, நாற்காலியில் சாய்ந்தபடி. "மாத்த ஒரு வரி போதும். நீ எழுதின புரோகிராம்தானே, எங்க சேர்க்கணும்னு காட்டும்மா." சற்று முன் "நானேதான் மேடம் எழுதினேன்" என்று சொன்ன மாணவி கம்ப்யூட்டர் பக்கம் குனிகிறாள். மவுஸ் உள்ளங்கையில் வழுக்குகிறது. சுவரில் இப்போது விரிந்திருக்கும் புரோகிராம் வரிகளுக்கு நடுவே அம்புக்குறி மேலே போகிறது, கீழே வருகிறது, வழி தெரியாத எறும்புபோல அலைகிறது. யாரோ பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார்கள். அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த தோழி மூன்றாம் பெஞ்சில் இருக்கிறாள். "நானும் கூட வந்து நிக்கட்டாடி?" என்று காலையில் கேட்டவளிடம், "எதுக்கு, நானே பாத்துக்கறேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். அந்தத் தோழிதான் இப்போது மேசை விளிம்பில் ஒரு விரலை மெல்லக் கீழே நகர்த்துகிறாள். சுவரில் அம்புக்குறி கீழே இறங்குகிறது. விரல் நிற்கிறது; அம்புக்குறியும் நிற்கிறது. பேராசிரியை சுவரைப் பார்க்கவில்லை. மாணவியின் கண் போன வழியே மூன்றாம் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார். வகுப்பும் திரும்புகிறது. சட்டென்று விரலை மடக்கிக்கொண்டு, தப்பு செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொள்வது தோழிதான்.