மூன்றாவது வரியில் ஒரு செருமல்

நாற்பத்தேழாவது பதிவை ஓரம் கட்டிவிட்டார்கள்.

அவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, இன்னொன்று நடையில். நேராக மிக்சிங் அறைக்குள் போய் நின்றாள்.

திரையில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இறந்துபோன மகனின் சட்டைகளை ஒரு தாய் மடித்து வைக்கிறாள். பின்னால் பாட்டு.

அவள் இசையமைத்த பாட்டு. சினிமாவில் அவளுடைய முதல் பாட்டு.

ஆனால் நாற்பத்தேழாவது பதிவின் வயலின்களைக் காணோம். தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பாடகியின் குரலைக் காணோம்.

ஓடியது டம்மி.

மெட்டு மறந்துவிடக் கூடாதே என்று, சளி பிடித்த தொண்டையோடு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவளே போனில் பாடி வைத்தது. வார்த்தைகூடக் கிடையாது, வெறும் தன்னன்னா. படப்பிடிப்பில் நடிகை கேட்டபடி நடிக்க மட்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் கொடுத்தாள்.

இரண்டாவது வரியில் சுருதி விலகும். மூன்றாவது வரியில் மெட்டு மறந்து நின்றுவிடுவாள். ஒரு செருமல். பிறகு தட்டுத் தடுமாறி மேலே போகும்.

இதை ஊரே கேட்கப் போகிறது. இசை என்று அவள் பெயரையும் போடுவார்கள்.

என்ன திமிர் இருக்க வேண்டும் இவர்களுக்கு. பதினொரு மாதம் உயிரைக் கொடுத்திருக்கிறாள். புல்லாங்குழலில் ஒரு மூச்சு சரியில்லை என்று அந்த மனிதரை ஒன்பது முறை திரும்ப வரவழைத்திருக்கிறாள். மகளின் பிறந்தநாளன்றுகூட ஸ்டூடியோவில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிப் போட இவர்கள் யார்?

"யாரக் கேட்டு மாத்துனீங்க?"

மிக்சிங் செய்யும் சகாயம் நாற்காலியோடு திரும்பினான்.

"புதுசத்தான்க்கா மொதல்ல வச்சோம். நீங்களே பாருங்க."

நாற்பத்தேழை ஓடவிட்டான்.

அப்பழுக்கில்லாத பாட்டு. ஓர் இடம் பிசகவில்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது.

திரையில் அந்தத் தாயின் கை, சட்டைக் காலரில் காரணமில்லாமல் நின்றது. பிறகு அந்தத் தாய், எதற்கென்றே தெரியாமல் நிமிர்ந்து பார்த்தாள். வயலின்கள் அவளைக் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டிருந்தன.

சகாயம் அதே காட்சிக்கு டம்மியைப் போட்டான்.

தன்னன்னா தடுமாறியது. நின்றது.

கை நின்றது.

ஒரு செருமல்.

உள்ளறையில் மகன்தான் செருமினான் என்பதுபோல், அந்தத் தாய் வெடுக்கென்று நிமிர்ந்தாள். கதவையே பார்த்தாள். குரல் மறுபடி எழுந்தபோது, மெதுவாகக் குனிந்து சட்டையை மடித்தாள்.

அவள் இன்னொரு முறை போடச் சொன்னாள்.

கோபம் மட்டும் இறங்கவில்லை. படப்பிடிப்பில் இருந்த அத்தனை பேரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பதினொரு மாதமாக ஒருவர் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

சகாயம் அவள் முகத்தைப் பார்த்தான். பாவம், அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"அந்தச் சுருதிய மட்டும் சரி பண்ணிடுறேன்க்கா. செருமலயும் எடுத்துடலாம், ரெண்டு நிமிஷ வேல" என்று மவுஸைப் பிடித்தான்.

"கைய எடு" என்றாள், வந்தபோது இருந்ததைவிடக் கோபமாக.