மாவுசி வீட்டுப் பந்தல்

மாவுசி துக்கத்துக்குக் கட்டும் கறுப்புத் துணி கட்டி, தலையில் சிவப்புப் பட்டையைச் சுற்றிக்கொண்டு, வாசலில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டெலாலிதான் முதலில் பார்த்தாள். வாளியைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடினாள்.

“ஐயோ அக்கா! செலோமா?”

“என் பிள்ளை... என் ஒத்தைப் பிள்ளை...” என்று மாவுசி மார்பில் அடித்துக்கொண்டாள். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? டெலாலியும் பக்கத்தில் விழுந்து அழுதாள். இனிமேல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் கத்தும் சத்தம் கேட்காது என்று அழுகைக்கு நடுவே ஒரு நிம்மதியும் வந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டு, இன்னும் சத்தமாக அழுதாள்.

உச்சி வெயிலுக்குள் ஊரே திரண்டுவிட்டது. பந்தல் வந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன, மேளமும் சாராயப் புட்டிகளும் வந்தன. கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் அந்தக் கானா ஊரில், சாவு வீட்டுக்குப் போகாதவன் செத்தால் நாய்கூட எட்டிப் பார்க்காது. அந்தப் பயத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள்.

“தங்கமான பையன்மா. கணக்குல புலி. என் பேரனுக்குச் சும்மாவே சொல்லிக் குடுத்தான்” என்று மூக்கைச் சிந்தினார் சர்ச் மூப்பர் அக்பெகோ.

அந்தத் தங்கமான பையன் எதிரே வந்தால் மூப்பர் தெருவின் அடுத்த ஓரத்துக்குப் போய்விடுவார் என்பது வேறு விஷயம். செலோமுக்குப் புத்தி பேதலித்ததிலிருந்து அந்த வாசலை யார் மிதித்தார்கள்? ஆவி பிடித்த வீடு என்று பெயர் வைத்ததோடு சரி.

மருந்து பாதிதான், மனிதர்கள் வந்து பேசினால்தான் தேறுவான் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள். மாவுசி அதைச் சர்ச் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். வாரத்துக்கு ஒருத்தர் வந்து அவனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும் என்று கெஞ்சினாள்.

“எனக்குச் சந்தை இருக்கே அக்கா” என்று டெலாலி அன்றைக்குக் கழன்றுகொண்டாள். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு சந்தை இருந்தது.

அந்த உறுத்தலுக்காகவே இன்று டெலாலி ஓடியாடி வேலை செய்தாள். அடுப்படியில் சோளக்களியும் மீன் குழம்பும் ஒரு கிண்ணத்தில் தனியாக மூடியிருந்தன. பந்திக்கு எடுக்கப் போனாள்.

“அதைத் தொடாதே டெலாலி. அது அவனுக்கு” என்றாள் மாவுசி.

போனவர்களுக்குப் பங்கு எடுத்து வைப்பது ஊர் வழக்கம்தான். பெரிய மீன் துண்டாகப் பார்த்துப் போட்டிருந்ததைக் கண்டதும் டெலாலிக்கு மறுபடி அழுகை வந்தது.

மேளம் ஓய்ந்தது. மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“குளிப்பாட்டியாச்சா மாவுசி?”

“நானே குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். உள்ளதான் இருக்கான்.”

“ஏன்க்கா ஒத்தையாச் செஞ்சே? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?” என்றாள் டெலாலி.

“கூப்பிட்டா வந்திருப்பீங்களா?”

“என்ன பேச்சு இது! ஊரே வந்து நிக்குது, உன் கண்ணுக்குத் தெரியலையா?”

மூப்பர் கையை உயர்த்தினார். “இனிமே உன்னைத் தனியா விடமாட்டோம் மாவுசி. சாமி மேல சத்தியம்.”

கூட்டம் முழுவதும் ‘ஆமென்’ என்றது. டெலாலியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

மாவுசி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்தாள். தலையிலிருந்த சிவப்புப் பட்டையை அவிழ்த்து டெலாலியின் கையில் கொடுத்துவிட்டு அறைக் கதவைத் திறந்தாள். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொள்ள, எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

உள்ளேயிருந்து கூச்சத்தோடு ஒரு குரல் வந்தது.

“அம்மா... இவங்க எல்லாரும் என்னைப் பார்க்கவா வந்திருக்காங்க?”