கத்தரிக்கோல் கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மடியிலிருக்கும் புது வீடியோ கேம் பெட்டியில் பட்டு, அதன் பிளாஸ்டிக் உறையைப் பளபளக்க வைக்கிறது. பிறந்தநாளுக்கு மனைவி வாங்கி வந்தது. இவராக கேம் கடைப் பக்கம் போய் ஒரு வருடமாகிறது. அட்டையில் வாளை உயர்த்திய வீரன், உலகமே தன் தோளில்தான் நிற்கிறது என்ற தோரணையில் முறைக்கிறான். 'மனிதகுலம் இதுவரை காணாத சாகசம்' என்று கீழே தங்க எழுத்து. கடைசியாக வாங்கிய சாகசத்தில் நாயகனுக்கு முகமே வராமல் புருவம் மட்டும் அந்தரத்தில் மிதந்தது. அதற்கு முந்தையதில் கேம் செய்தவர்கள் தரை போட மறந்துவிட்டார்கள். வீரன் குதிரையோடு பாதாளத்துக்குப் போனான். எல்லாம் அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்றார்கள், இவரும் நம்பிக் காத்திருந்தார். இப்போது கோபம்கூட வரவில்லை. பசியில்லாதவர் தட்டின் முன் உட்கார்ந்ததுபோல் பெட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, இன்னும் பிரிக்கலையா? முன்னெல்லாம் கடை வாசல்லயே பல்லால கடிச்சுக் கிழிப்பீங்களே!" மனைவி சோபாவின் நுனிக்கே வந்துவிட்டாள்.

"கத்தரிக்கோல எங்க வச்சே?"

அவள் சிரிப்பு பாதியில் நிற்கிறது. எழுந்துபோய்க் கொண்டுவந்து தருகிறாள். அவர் வாங்கி, பெட்டியின் மேல் வைக்கிறார்.

"நல்ல கேம்தான்மா. கண்ட்ரோலர்ல சார்ஜ் இல்ல. சாயங்காலம் பார்க்கலாம்."

டிவிக்குக் கீழே, காலையிலேயே அவள் மறக்காமல் சார்ஜில் போட்ட கண்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிகிறது.

"ஆமாங்க, சாயங்காலம் பார்க்கலாம்" என்று நகர்ந்து, அந்த விளக்கை மறைத்தபடி நிற்கிறாள்.