புல்லுக்கு ஒரு மணி நேரம்

“ஊரே தண்ணிக்குத் தவிக்குது. ஆபீஸ்ல இருந்து வந்ததும் ஹோஸைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் புல்லுக்குத் தண்ணி விடுறீங்களே!”

“விடலேன்னா காஞ்சிடும்” என்றார் கணவர்.

“அதான் புல்லைப் பெயர்த்துட்டு, மழையை மட்டும் நம்பி வளர்ற நம்ம ஊர்ச் செடியா வைக்கப்போறேன். இன்னிக்குத் தோட்டக்காரர் வர்றார்.”

அவர் அவசரமாக ஆபீஸ் கிளம்பிவிட்டார்.

தோட்டக்காரர் வந்தார். புல் பட்டாலே உடம்பெல்லாம் அரிக்கும் என்பதால் அவள் வழக்கம்போல் ஜன்னலோடு நின்றுகொண்டாள். அவர் மண்வெட்டியால் ஓரத்தை நெம்பினார். புல்வெளி பாய் மாதிரி சுருண்டு வந்தது.

“அம்மா, இது பிளாஸ்டிக் புல்லும்மா! போட்டு ரெண்டு வருஷமாவது இருக்கும். கீழே சொட்டு ஈரம்கூட இல்ல.”

அவள் மூலையில் காய்ந்து கிடந்த ஹோஸைப் பார்த்தாள். மாலையில் அந்த ஒரு மணி நேரம்தான் வீடு அவளுடையது. அக்காவோடு போனில் வயிறு வலிக்கச் சிரிப்பதும் அப்போதுதான்.

“பழையபடி விரிச்சிடுங்க” என்றாள்.

மாலையில் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: “தோட்டக்காரர் வந்தாரா?”

“வந்தார். அருமையான புல்லாம், கை வைக்க வேணாம்னுட்டார். தண்ணிதான் பத்தலையாம். இன்னும் ஒரு அரை மணி நேரம் சேர்த்து விடணுமாம்.”